போர் தண்ணீரில் இரும்பு: ஃபில்டர் வாங்கப் புறப்படும் முன் செய்ய வேண்டியவை

பாளையங்கோட்டையைச் சுற்றியும், மானூர் ரோட்டிலும், நாங்குநேரி, வள்ளியூர் பக்கமும் புதிதாக மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கு முதல் தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, அதாவது போரிலிருந்துதான். அந்தத் தண்ணீர் வாளியில் விழும்போது தெளிவாக இருக்கும். குளித்து முடிப்பதற்குள் மஞ்சளிக்கும். மறுநாள் வாளியின் அடியில் காவியாகப் படிந்திருக்கும். வெள்ளை வேட்டி இரண்டு துவைப்பில் பழுப்பாகிவிடும். டீ போட்டால் கறுத்துப் போகும். உங்கள் வீட்டில் இப்படி நடக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

நானும் இதே தண்ணீரோடு மல்லுக்கட்டியவன்தான். போர் போட்டவர் ஒன்று சொல்வார், பிளம்பர் வேறொன்று சொல்வார், ஃபில்டர் கடைக்காரர் இரண்டையும் மறுப்பார். எல்லாம் கேட்டு, செய்து பார்த்து, கடைசியில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: இரும்பு எந்த வடிவில் இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தக் கருவிக்கும் காசு கொடுக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகும். தெரியாமல் வாங்கினால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் போய்விடும்.

1. முதலில், இது இரும்புதானா?

நம் பக்கத்தில் செம்மண் கலங்கலை இரும்பு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. புதிதாகப் போட்ட போர் என்றால் பாறைத் துகளும் சேர்ந்து வரும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு கண்ணாடித் தம்ளர் போதும்.

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, தம்ளரில் தண்ணீர் பிடித்து, வெள்ளைத் தாள் மேல் வையுங்கள்.

பிடிக்கும்போதே கலங்கலாக வந்து, சில மணி நேரத்தில் அடியில் மண் தங்கி மேலே தெளிந்தால் அது மண். போரை கம்ப்ரஸர் வைத்து இன்னொரு முறை ஃப்ளஷ் செய்வதும், நாலைந்து நாள் தொடர்ந்து இறைப்பதும்தான் அதற்கு வைத்தியம். இரும்பு ஃபில்டர் தேவையில்லை.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு மெல்ல மஞ்சளாகி, அப்புறம் காவியானால் அது கரைந்த இரும்பு. நிலத்துக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு நிறமில்லாமல் நீரில் கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரியும். தண்ணீர் வெளியே வந்தபின் நிறம் மாறுவதுதான் இதன் அடையாளம்.

பிடிக்கும்போதே காவித் துகளும் நூல் நூலாக வழவழப்பும் வந்தால் அது வேறு கதை. ஒன்பதாவது தலைப்பைப் பாருங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமானால் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, புதிதாகப் பிடித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். இரும்பு இருந்தால் நீலம் கலந்த கறுப்பாகும். டீ கறுப்பதற்கும் இதே காரணம்தான்: துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை. எவ்வளவு இரும்பு என்பதை இது சொல்லாது, இருக்கிறதா என்பதைத்தான் சொல்லும்.

திசையன்விளைப் பக்கம் தேரி மணல் சிவந்திருப்பதைப் பார்த்து, அங்கே நிலத்தடி நீரெல்லாம் இரும்பாகத்தான் இருக்கும் என்று என்னிடம் ஒருவர் அடித்துச் சொன்னார். மணலின் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான், அது சரி. ஆனால் காற்றோட்டம் உள்ள மணலில் அது கரையாமல் மணலோடு ஒட்டியே கிடக்கும். மண்ணின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீருக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

2. குற்றவாளி நிலமா, பைப்பா?

பலரும் தாண்டிப் போகிற இடம் இது. பழைய வீடுகளில் ஜி.ஐ. பைப்பே (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்து இரும்பை விடும். போருக்குள் இறக்கிய இரும்புக் குழாயும், போரின் பக்கம் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பும்கூட அப்படித்தான்.

இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், மோட்டார் அரை மணி ஓடியபின் போர் வாயிலேயே, தொட்டிக்குப் போகும் முன், தண்ணீர் பிடியுங்கள். இன்னொன்றில், காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் சமையலறைக் குழாயின் முதல் தண்ணீரைப் பிடியுங்கள். பெயர் எழுதி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

போர் வாய்த் தண்ணீர் ஒரு நாள் கழித்தும் தெளிவாக இருந்து, குழாய்த் தண்ணீர் மட்டும் சிவந்தால் பைப்பை மாற்றுங்கள். யு.பி.வி.சி. அல்லது சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு ஆகும் செலவோடு விஷயம் முடிந்தது. இரண்டும் சிவந்தால் போருக்குள்தான் விஷயம். அதிலும் உள்ளே இறக்கியிருப்பது பழைய இரும்புக் குழாய் என்றால், மோட்டாரைத் தூக்கும்போது அதன் நிலையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கையால் தேய்த்தால் ஏடு ஏடாக உரிந்து வந்தால் அதை மறுபடி இறக்காதீர்கள். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுவது நல்லது.

போர் போட்டவரிடம் ஒரு தாளில் இதை எழுதி வாங்கி வையுங்கள்: மொத்த ஆழம், கேசிங் எத்தனை அடி, எந்தெந்த அடியில் ஊற்று வந்தது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது. போர் போட்ட அன்றைக்குக் கேட்டால் உடனே சொல்வார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "உங்க தெருவுல நாலு போர் போட்டேன், இது எதுன்னு ஞாபகம் இல்ல அண்ணாச்சி" என்பார்.

3. ஆய்வகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தனியாருக்கும் பார்த்துத் தருவார்கள். தனியார் ஆய்வகத்துக்குப் போவதானால், ஆய்வகங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். எத்தனை அம்சம் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் செலவு சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. அறிக்கை வர ஒரு வாரம் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்குள் மாதிரி வாங்குவீர்கள்? பாட்டில் நீங்கள் தருவீர்களா? இரும்புக்கு அமிலம் விட்ட பாட்டில் தனியாக உண்டா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சாதாரண பாட்டிலில் பிடித்த தண்ணீர் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் இரும்பு துருவாகிப் பாட்டிலின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். கழுத்துப் பக்கம் மெல்லிய காவி வளையம் கட்டியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலாகத் தெளிந்த தண்ணீரை எடுத்துச் சோதித்தால் இரும்பு ரொம்பக் கம்மி என்று அறிக்கை வரும். வீட்டில் வாளி சிவந்துகொண்டே இருக்கும், தாளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். பிடித்த உடனே நைட்ரிக் அமிலம் சில துளி விட்டால் இரும்பு கரைந்தபடியே நிற்கும். அமிலத்தை நீங்களாகக் கையாள வேண்டாம். ஆய்வகத்தில் விட்டுத் தரச் சொல்லுங்கள், அந்தப் பாட்டிலை அலசாமல் நேராகப் பிடியுங்கள்.

ஆக, இரும்புக்கும் மாங்கனீஸுக்கும் அமிலம் விட்ட பாட்டில் ஒன்று. மற்றவற்றுக்குச் சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதைப் போர் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடுங்கள். கிருமிச் சோதனையும் வேண்டுமென்றால் அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான். பிடித்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

பாட்டிலில் ஒட்டும் சீட்டில் பெயர், முகவரி, போரின் ஆழம், பிடித்த தேதி, நேரம், பிடித்த இடம் எழுதுங்கள். "போர் வாய்" என்றா "குழாய்" என்றா என்பது முக்கியம். ஆதார் நகல் ஒன்றும், ஒரு வெள்ளைத் தாள் விண்ணப்பமும் கையில் இருந்தால் திரும்ப அலைய வேண்டியதில்லை. கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கை வாங்க அதைக் கேட்பார்கள்.

விண்ணப்பத்தில் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இரும்பு, மாங்கனீஸ், பி.எச். (அமிலமா காரமா என்ற அளவு), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட். மாங்கனீஸைச் சொல்லாவிட்டால் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. அது இரும்போடு சேர்ந்து வருவது சகஜம். கறை கறுப்பாக இருந்தால் அதன் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களப் பரிசோதனைப் பெட்டியும் தந்திருக்கிறார்கள். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு இரும்பு ஏறக்குறைய எவ்வளவு என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

எப்போது சோதிப்பது? புதுப் போரை உடனே சோதிக்காதீர்கள், இரண்டு வாரமாவது இறைத்துப் பயன்படுத்திய பின் செய்யுங்கள். முடிந்தால் சித்திரை வைகாசியில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் ஒரு முறை. இரண்டு அறிக்கைக்கும் வித்தியாசம் இருந்தால், அதிக அளவை வைத்து ஃபில்டருக்குக் கணக்குப் போடுங்கள்.

4. அறிக்கையைப் படிப்பது

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல், 2012 பதிப்பின்படி இரும்புக்கு வரம்பு லிட்டருக்கு 0.3 மி.கி. பின்னால் வந்த திருத்தத்தில் 1.0 ஆக்கினார்கள். ஆனால் துணியும் டைல்ஸும் கறைபடுவது 0.3-க்கு மேல் போனாலே தொடங்கிவிடும். அதனால் நீங்கள் குறிவைக்க வேண்டியது 0.3.

என் கணக்கு இப்படி: 0.3-க்குக் கீழே என்றால் எதுவும் வேண்டாம். 1 வரை என்றால் காற்றுப் பட வைத்துத் தெளியவிட்டாலே போதும். 1 முதல் 5 வரை என்றால் காற்றும் ஒரு வடிகட்டியும். 5-க்கு மேல் என்றால் காற்று, தெளியவிடும் தொட்டி, பிறகு ஃபில்டர். தேவைப்பட்டால் குளோரினும். 10-ஐத் தாண்டினால் வீட்டுக் கைவேலையை நம்ப வேண்டாம், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

பி.எச். அளவையும் பாருங்கள். 7-க்கு மேல் இருந்தால் காற்றுப் பட்டதும் இரும்பு சீக்கிரம் பிரியும். 6.5-க்குக் கீழே போனால் மணிக்கணக்கில் காத்திருந்தாலும் பிரியாது. சுண்ணாம்புக்கல் படுகையில் விட்டு முதலில் அதை ஏற்ற வேண்டும். நான் பார்த்த நம் பக்கத்து அறிக்கைகளில் 7-க்கு மேலேதான் இருந்தது. நமக்குத் தொல்லை அதைவிட உப்பும் கடினத்தன்மையும்தான்.

மாங்கனீஸுக்கு ஏற்கத்தக்க அளவு 0.1, வேறு வழி இல்லாவிட்டால் 0.3 வரை. அது அதிகமாக இருந்தால் வெறும் காற்று வேலை செய்யாது. ஃபில்டர் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடம்புக்குக் கெடுதலா என்று வீட்டில் கேட்பார்கள். குடிநீரில் வழக்கமாகக் காணும் அளவு இரும்புக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை வைத்து வரம்பு எதுவும் வகுக்கவில்லை. நிறம், வாடை, கறை, இவைதான் பிரச்சினை. அதற்காக இதைக் குடித்தால் ரத்தசோகை தீரும் என்று கிளம்பிவிடவும் வேண்டாம்.

5. வீட்டு வாசலில் நடக்கும் வித்தை

புது வீடு என்று தெரிந்தால் டை கட்டிய இளைஞர் ஒருவர் பையோடு வருவார். உங்கள் தண்ணீர் ஒரு தம்ளர், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் ஒரு தம்ளர். இரண்டிலும் உலோகக் குச்சிகள் தொங்கும் சின்னக் கருவியை விட்டு, பிளக்கில் செருகுவார். ஒரு நிமிஷத்தில் உங்கள் தண்ணீர் சாக்கடை நிறமாகும், அவருடையது அப்படியே இருக்கும். "இதத்தான் சார் பிள்ளைங்க குடிக்குது" என்பார்.

அந்தக் குச்சிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அந்தக் குச்சியே கரைந்து துருவாகிறது. உப்புள்ள எந்தத் தண்ணீரிலும் மின்சாரம் பாயும், அதனால் நிறம் மாறும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. சந்தேகம் இருந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரும் இரும்பைக் காட்டாது. டி.டி.எஸ். 300 என்றிருக்கும் தண்ணீரில் 5 மி.கி. இரும்பு இருக்கலாம். 1,500 இருக்கும் தண்ணீரில் இரும்பே இல்லாமலும் இருக்கலாம்.

6. முதல் சிகிச்சை: காற்று

ஒரு மி.கி. இரும்பைத் துருவாக்க 0.14 மி.கி. ஆக்சிஜன் போதும். காற்றில் அது இலவசமாகக் கிடக்கிறது, தண்ணீரில் பட வைப்பதுதான் வேலை.

போர் தண்ணீரை நேராக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றாதீர்கள். கீழே ஒரு தொட்டி வையுங்கள். சம்ப் இருந்தால் அதுவே போதும். தொட்டிக்குள் வரும் குழாயின் முனையை மூடி, நாலடி நீளத்துக்கு மூன்று நான்கு மி.மீ. துளைகள் போட்டு, தண்ணீர் இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து மழைபோல விழும்படி கட்டுங்கள். துளைகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடைத்துக்கொள்ளும். கழற்றிக் குச்சியால் குத்தி எடுக்க வசதியாக முனையில் திருகு மூடி வைக்கச் சொல்லுங்கள். பிளம்பர் பசை போட்டு ஒட்டிவிட்டால் அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

தொட்டியில் காற்றோட்டத்துக்கு வழி வேண்டும், ஆனால் கொசு வலை கட்டாமல் விடக் கூடாது. டெங்குக் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடித்த இடம்.

ராத்திரி நிரப்பிக் காலையில் எடுக்கிற மாதிரி வைத்தால் பெரும்பகுதி இரும்பு அடியில் தங்கிவிடும். இங்கேதான் பிளம்பரோடு ஒரு சண்டை வரும். வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடிமட்டத்தில் வைப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். அப்படி வைத்தால் தங்கிய காவி முழுவதும் வீட்டுக்குள் வரும். அடியிலிருந்து குறைந்தது அரை அடி மேலே எடுக்கச் சொல்லுங்கள். அடியில் கழிவுக்குத் தனி வால்வு. அதை வாரம் ஒரு முறை திறந்துவிட்டால் போதும்.

செலவு, தொட்டி ஏற்கெனவே இருந்தால் குழாய், வால்வு, கூலி சேர்த்து இரண்டாயிரம் மூவாயிரம். ஒரு நாள் வேலை.

இரும்பு அதிகம் என்றாலோ, தண்ணீரை ராத்திரி முழுக்க வைக்க இடமில்லை என்றாலோ பிளீச்சிங் பவுடர் உதவும். ஒரு மி.கி. இரும்புக்கு 0.64 மி.கி. குளோரின் வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 3 மி.கி. இரும்பு என்றால் ஏறக்குறைய 2 கிராம் குளோரின். பவுடரில் குளோரின் 30 சதவீதம் என்று வைத்தால் ஆறேழு கிராம் பவுடர். கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று 8 கிராம் போடலாம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். திறந்து பல மாதம் கிடந்த பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

7. டிரம் மணல் வடிகட்டி

சின்னக் குடும்பம், இரும்பு 3 மி.கி.க்குள் என்றால் பெரிய ஃபில்டர் தேவையில்லை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, ரசாயனம் வைத்திருந்ததாக இருக்கக் கூடாது. அடியில் துளையிட்ட குழாய், அதன்மேல் முக்கால் இஞ்ச் ஜல்லி அரை அடி, சின்னக் கூழாங்கல் கால் அடி, அப்புறம் மணல் ஒன்றரை அடி. மேலே மிச்சம் காலி இடம். காற்றுத் தொட்டியிலிருந்து தண்ணீர் மேலே விழுந்து, அடியிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் சம்புக்கு வடியும்.

மணலுக்காகத் தாமிரபரணிப் பக்கம் போய் நிற்க வேண்டாம். ஃபில்டர் மணல் என்றே அளவு பிரித்து மூட்டையில் விற்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்டைப் போட்டால் தூசு வந்துகொண்டே இருக்கும். எந்த மணலானாலும் கழுவுகிற தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவுங்கள். போட்ட உடனே முழுப் பலன் தெரியாது. மணலின் மேல் காவிப் பூச்சு ஏறிய பிறகுதான் வடிகட்டி சரியாகப் பிடிக்க ஆரம்பிக்கும், சில வாரம் ஆகலாம். அதற்குள் "சும்மா வேலை" என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

மணிக்கு 300 லிட்டருக்குமேல் விடாதீர்கள். வேகம் குறைந்தால் மேல் மணல் ஓர் அங்குலத்தைச் சுரண்டிக் கழுவிப் போடுங்கள். மொத்தச் செலவு மூவாயிரம் நாலாயிரத்துக்குள்.

8. மீடியா ஃபில்டர்

உயரமான உருளை, தலையில் தண்ணீர் போகும் வழியை மாற்ற ஐந்தாறு நிலை உள்ள மல்டிபோர்ட் வால்வு, உள்ளே மீடியா, அதாவது இரும்பைப் பிடிக்கும் குருணை. கடைகளில் 10 இஞ்ச், 13 இஞ்ச் என்று குறுக்களவை வைத்துச் சொல்வார்கள். மீடியாவோடு பதினைந்தாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரம் வரை கேட்கிறார்கள், கடைக்குக் கடை மாறும். அதோடு அரை எச்.பி. மோட்டார் ஒன்று மூவாயிரம் முதல் ஐயாயிரம்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணாச்சி, உள்ள என்ன மீடியா?" "எல்லாம் இருக்கு சார், அஞ்சு லேயர்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஆக்டிவேட்டட் கார்பன் வாடையை எடுக்கும், இரும்புக்கு அது ஆள் இல்லை. பிர்ம் என்ற மீடியா நன்றாக வேலை செய்யும். ஆனால் தண்ணீரில் காற்றுக் கலந்திருக்க வேண்டும், பி.எச். 6.8-க்கு மேல் இருக்க வேண்டும், குளோரின் கூடாது. கிரீன்சாண்ட் வகைக்கு நேர்மாறாகக் குளோரினோ பெர்மாங்கனேட்டோ வேண்டும். மாங்கனீஸும் இருந்தால் இதுதான் பொருந்தும். உங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் சரியான பதில் வரும்.

இரண்டாவது, பேக்வாஷ். தண்ணீரைத் தலைகீழாக வேகமாகச் செலுத்தி, பிடித்த காவியை வெளியே தள்ளுவது. 13 இஞ்ச் ஃபில்டர் மணிக்கு ஆயிரம் லிட்டர் வடிகட்டும் என்றால், பேக்வாஷுக்கு மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அந்த வேகம் வராது. மேல்தொட்டிக்குக் கீழே ஃபில்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சில மாதத்தில் மீடியா கட்டிதட்டி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். சரியான வரிசை: போர், காற்றுத் தொட்டி, மோட்டார், ஃபில்டர், மேல்தொட்டி. வாரம் இரண்டு முறை பத்துப் பதினைந்து நிமிஷம் பேக்வாஷ், தண்ணீர் தெளியும்வரை. அந்தக் காவித் தண்ணீரை உறிஞ்சுகுழியில் விட்டால் குழி அடைத்துக்கொள்ளும், திறந்த வாய்க்காலில் விடுங்கள்.

பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: மீடியாவின் பெயரும் எத்தனை லிட்டர் என்பதும், மணிக்கு எத்தனை லிட்டர், வெளியேறும் நீரில் இரும்பு 0.3-க்குக் கீழே என்ற உறுதி, மீடியா மாற்றும் காலம். ஜி.எஸ்.டி. பில்லாகவே வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மாட்டி ஒரு மாதம் ஆனதும் வெளியேறும் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபின் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள், பொருள் மேல் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார்.

கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் இரும்பையும் எடுக்கும் என்று சொல்வார்கள். கரைந்த இரும்பு கொஞ்சமாக இருந்தால் எடுக்கும், உண்மை. அதிகமானால் அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் காவி பிடித்துப் பாழாகும். கடினத்தன்மையும் உள்ள தண்ணீர் என்றால் முதலில் இரும்பு ஃபில்டர், பிறகு சாஃப்ட்னர்.

9. வழவழவென்று வந்தால்

கழிவறை ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து உள்சுவரை விரலால் தொட்டுப் பாருங்கள். காவித் தூளாக இருந்தால் வெறும் இரும்பு. கூழ்போல, பழுப்பாக வழுக்கிக்கொண்டு வந்தால் இரும்பு பாக்டீரியா. வாளித் தண்ணீரில் எண்ணெய் போலப் படலம் மிதந்தால் குச்சியால் தொடுங்கள். சில்லுச் சில்லாக உடைந்து விலகினால் பாக்டீரியா, மறுபடி கூடிக்கொண்டால் உண்மையிலேயே எண்ணெய். நோய் தருவதல்ல, ஆனால் எந்த ஃபில்டரையும் அடைத்துவிடும். இதை அடக்காமல் ஃபில்டர் மாட்டுவது வீண்.

போருக்குள் குளோரின் விட வேண்டும். ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 300 அடி தண்ணீர் நின்றால் இரண்டாயிரம் லிட்டருக்குச் சற்றுக் கீழே. அதற்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 650 கிராம் அளவில் வேண்டும். வாளிகளில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் போருக்குள் ஊற்றுங்கள். குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை மோட்டாரை ஓட்டி, நிறுத்தி, ஒரு நாள் விடுங்கள். பிறகு வாடை போகும்வரை வெளியே இறைத்துக் கொட்டுங்கள். தென்னைக்கோ மீன் உள்ள குளத்துக்கோ விடாதீர்கள். அந்த ஒரு நாள் வீட்டுக்குத் தண்ணீர் முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். பாக்டீரியா அடியோடு போகாது, வருஷம் ஒரு முறையாவது திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

10. குடிக்க எது, புழங்க எது

எல்லாத் தண்ணீரையும் குடிநீர் ஆக்க நினைத்தால்தான் செலவு ஏறும். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர் என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வையுங்கள். போரைப் புழங்க மட்டும் வைத்துக்கொண்டால் காற்றுத் தொட்டியும் மணல் டிரம்முமே பலருக்குப் போதும்.

ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் வராத வறண்ட ஊர்களில் உப்பும் சேர்ந்திருந்தால் குடிக்க மட்டும் ஆர்.ஓ. தேவைப்படலாம். அதுவும் இரும்பு எடுத்தபின்தான். இரும்புத் தண்ணீரை நேராக ஆர்.ஓ.வுக்குள் விட்டால் மெம்பரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். சர்வீஸ்காரருக்குத்தான் வருமானம்.

ஏற்கெனவே கறைபட்ட வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசுங்கள்.

11. ஊர்ப் பொதுப் போர் என்றால்

அடிபம்பில் காவித் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் ஜி.ஐ. குழாயே காரணமாக இருக்கலாம். காலையில் முதல் இருபது குடம் சிவப்பாகவும் பிறகு தெளிவாகவும் வருகிறதா என்று கவனித்து மனுவில் எழுதுங்கள். குழாயை மாற்றினால் தீரும் விஷயத்துக்குப் புதுப் போர் கேட்டால் நிதி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் ஊராட்சிச் செயலரிடம், அசையாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம், அப்புறம் திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனு இரண்டு பிரதி, ஆய்வக அறிக்கை நகல், பம்பு இருக்கும் தெருவின் பெயர், எத்தனை வீடு பயன்படுத்துகிறது என்ற விவரம், பத்துப் பேர் கையெழுத்து. சிவந்த தண்ணீர்ப் பாட்டிலையும் கொண்டுபோகலாம், தப்பில்லை. ஆனால் தாளில் மி.கி. கணக்கு இருந்தால்தான் கோப்பு நகரும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள், அந்த எண்ணை வைத்துத்தான் பிறகு விசாரிக்க முடியும். முதல்வர் உதவி எண்ணான 1100-க்கு போன் செய்தும் புகார் பதியலாம்.